இரண்டு பயிற்சி வானூர்திகளும் நம் வீட்டு வரலாறும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், பேரங்காடிகளின் பொம்மைப் பகுதியில் நெகிழி வானூர்திப் பெட்டிகளைப் பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் காணலாம். பெட்டியின் மேலட்டையில் தீயும் புகையும் சூழ ஒரு போர் வானூர்தி சீறிப் பாயும். ஆங்கிலேயரின் ஸ்பிட்பயரும் சப்பானியரின் சீரோவும் கேட்காமலே விலை போகும். ஆனால், அந்தப் போர் வானூர்திகளை ஓட்டிய ஒவ்வொருவரும் அதற்கு முன்னர் மெதுவாகப் பறக்கும் ஒரு பயிற்சி வானூர்தியில் அமர்ந்து பாடம் கற்றவரே. அந்தப் பயிற்சி வானூர்தியின் பெட்டியை எடுத்துப் பார்ப்பவர் அரிது.

இக்கட்டுரை அத்தகைய இரண்டு வானூர்திகளைப் பற்றியது. ஒன்று, நம் சுங்கை பீசித் திடலிலிருந்து பறந்தது. மற்றொன்று, நம் மலாயாத் தமிழ் இளைஞர்களும் இடம்பெற்ற ஓர் அணி வானோட்டம் கற்கச் சென்ற நாட்டில் பறந்தது. இரண்டும் ஒரே போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவை. இரண்டின் மாதிரியுருவையும் ஒரே அளவுவிகிதத்தில் செய்து, ஒரே பலகையில் அருகருகே வைத்தால், நம் குடும்பங்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல கருவி வேறில்லை என்பது என் எண்ணம். ஏன் என்பதை இனி விளக்குகிறேன்.

முதல் வானூர்தி: டைகர் மாத்

டைகர் மாத் என்பது இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய டி.எச்.82 என்னும் ஈரடுக்கு இறக்கை வானூர்தி. இது முதன்முதலாகப் பறந்தது 1931 அக்டோபர் 26-ஆம் நாள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனப் பல நாடுகளிலும் சேர்த்து 8,000-க்கும் மேற்பட்ட வானூர்திகள் கட்டப்பட்டன. இந்தியாவில் ஐதராபாத்தை அடுத்த பேகம்பேட்டையிலும் சோத்பூரிலும் இயங்கிய தொடக்கநிலைப் பயிற்சிப் பள்ளிகளில், போர்க்கால இந்திய விமானிகள் முதற்பாடம் கற்றதும் இதில்தான்.

இதன் அமைப்பு எளிமையானது. உடற்சட்டம் எஃகுக் குழாய்களால் ஆனது. இறக்கைகளின் எலும்பு மரத்தால் ஆனது. மேலே துணி போர்த்தி, துணியைக் கையால் தைத்து, அது முரசுத் தோல்போல் விறைக்கும்படி டோப் என்னும் பூச்சைப் பூசுவார்கள். இயந்திரம் 130 குதிரைத்திறன் கொண்டது. நான்கு உருளைகள் தலைகீழாகத் தொங்கும்படி பொருத்தப்பட்டது. அதனால் விமானியின் முன்பார்வையை இயந்திரத்தின் தலைப்பகுதி மறைப்பதில்லை. முன்னிருக்கையில் ஆசிரியர் அமர்வார், பின்னிருக்கையில் மாணவர். இருவரும் பேசிக்கொள்ள வானொலி இல்லை. காதோடு இணைத்த ஒரு குழாயின் வழியே ஆசிரியரின் குரல் மாணவரை எட்டும். மாணவர் தனியாகப் பறக்கும் நாளில் முன்னிருக்கை வெறுமையாக இருக்கும். நம் போன்ற ஆசிரியர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கத்தக்க காட்சி அது.

மாதிரியுருவைச் செய்யும் பிள்ளை முதலில் கவனிப்பது, மேல் இறக்கை நேராக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைத்தான். அழகுக்காகச் செய்யப்பட்டது அன்று. இதற்கு முந்தைய மாத் வானூர்தியில், முன்னிருக்கைக்கு நேர் மேலே எரிபொருள் தொட்டியும் சுற்றிலும் தாங்குகம்பிகளும் இருந்தன. ஆபத்து நேர்ந்தால், வான்குடை கட்டிய ஆசிரியர் வெளியேறுவது கடினம். ஆகவே, வடிவமைப்பாளர்கள் மேல் இறக்கையை முன்னோக்கி நகர்த்தினார்கள். இறக்கை முன்னே போனதால் தூக்குவிசையும் முன்னே போயிற்று. வானூர்தியின் சமநிலை கெட்டது. சமநிலையை மீட்க, இறக்கையின் நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஓர் ஆசிரியரின் உயிரைக் காக்க எடுத்த முடிவு அந்த வானூர்தியின் உருவத்திலேயே பதிந்துவிட்டது. ஐந்தாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் நிலைத்தன்மையைக் கற்பிக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

மலாயாவில் டைகர் மாத்

1930-களில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு போன்ற நகர்களில் பறத்தல் மன்றங்கள் இயங்கின. அவற்றில் பறந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் துரைமார்கள்: தோட்ட நிருவாகிகள், ஈயச் சுரங்க அதிகாரிகள், வணிகர்கள். 1936-இல் சிங்கப்பூரில் நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் விமானப்படை தொடங்கப்பட்டது. 1940-இல் பறத்தல் மன்றங்களின் வானூர்திகளையும் விமானிகளையும் திரட்டி மலாயாத் தொண்டர் விமானப்படை அமைந்தது. போர் வானூர்திகள் போதாத ஒரு நாட்டில், பொழுதுபோக்குக்காக வாங்கிய டைகர் மாத்துகளும் பிறவும் அஞ்சல் சுமந்தன. அதிகாரிகளை ஏற்றிச் சென்றன. காட்டு மேலாகத் தாழப் பறந்து செய்தி திரட்டின.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். 1942 சனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. பறத்தல் மன்றங்களின் காலம் பத்தே வாரங்களில் முடிவுற்றது.

சுங்கை பீசித் திடலின் கதை அத்துடன் முடியவில்லை. போருக்குப் பின்னர், 1950-களில், மலாயாத் துணை விமானப்படை உள்நாட்டு இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தபோது மீண்டும் டைகர் மாத்துகள் பறந்தன. 1958 சூன் 2-ஆம் நாள் மலாயாவின் விமானப்படை சட்டப்படி பிறந்தது. 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும் வரை தலைநகரின் முதன்மை விமான நிலையமாக விளங்கியதும் சுங்கை பீசியே. அதன்பின் விமானப்படைத் தளமாக நீடித்து, 2018-இல் தளம் மூடப்பட்டது. இன்று நெடுஞ்சாலையில் அவ்விடத்தைக் கடக்கும் பிள்ளைகளுக்கு அங்கே எண்பது ஆண்டுகளுக்கு மேலான வான்வரலாறு கிடப்பது தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வானூர்தி: செந்தும்பி

சப்பானிய மொழியில் 'அக்கா தொம்போ' என்றால் சிவப்புத் தும்பி. சப்பானியரின் பயிற்சி வானூர்திகள் முழுவதும் செம்மஞ்சள் வண்ணம் பூசப்பட்டிருந்ததால் மக்கள் அவற்றை அப்பெயரால் அழைத்தனர். தரைப்படையின் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டது தாச்சிகாவா நிறுவனத்தின் கி-9. இது 1935 சனவரியில் முதன்முதலாகப் பறந்தது. 2,600-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. இதுவும் ஈரடுக்கு இறக்கை கொண்டது. இதிலும் ஆசிரியர், மாணவர் என இரண்டு திறந்த இருக்கைகள். ஆனால் இயந்திரம் 350 குதிரைத்திறன் கொண்டது. உருளைகள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் வட்டமாக அமைந்தவை.

பயிற்சி வானூர்திக்கு மஞ்சளையும் செம்மஞ்சளையும் ஏன் பூசினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் சாலைகளில் பழகுநர் ஓட்டும் வாகனத்தில் 'எல்' அட்டை ஒட்டுகிறோம் அல்லவா, அதே காரணந்தான். உள்ளே கற்றுக்கொண்டிருப்பவர் இருக்கிறார், விலகிச் செல்லுங்கள் என்பது அதன் பொருள். போரில் எதிரெதிராக நின்ற இரு நாடுகளும் மாணவரைப் பாதுகாக்க ஏறத்தாழ ஒரே வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தன. போர் தொடங்கிய பின்னர், ஆங்கிலேயர் தம் டைகர் மாத்துகளின் மேற்புறத்தைப் பச்சையும் பழுப்புமாக மாற்றினார்கள். ஆனால் அடிப்புறத்தை மஞ்சளாகவே விட்டுவைத்தார்கள்.

தோக்கியோவுக்குச் சென்ற மாணவர்கள்

1943 சூலை 2-ஆம் நாள் நேதாஜி சுபாசு சந்திர போசு சிங்கப்பூர் வந்தடைந்தார். இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-ஆம் நாள் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அப்படையில் சேர்ந்ததும், நம் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியதும் நாம் நன்கறிந்தவை.

அவ்வளவாக அறியப்படாத செய்தி ஒன்று உண்டு. வருங்காலச் சுதந்திர இந்தியாவுக்குப் பயிற்சி பெற்ற இளம் அதிகாரிகள் வேண்டும் என நேதாஜி எண்ணினார். 1944-இல், தென்கிழக்காசியாவில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களிலிருந்து சுமார் 45 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, சப்பானின் இராணுவக் கல்லூரிகளில் பயில அனுப்பினார். பலர் பதினெட்டு வயதைச் சுற்றி இருந்தவர்கள். நம் ஆறாம் படிவ மாணவர்களின் வயது. 'தோக்கியோ கேடட்டுகள்' என்றும் 'தோக்கியோ பையன்கள்' என்றும் இவர்கள் அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் தரைப்படைப் பயிற்சிக்கும், ஒரு சிறு குழுவினர் விமானிப் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட்டனர். சப்பானியத் தரைப்படையின் விமானக் கல்லூரி அப்போது தோக்கியோவுக்கு அருகே சைத்தாமா மாநிலத்தின் தோயோவோக்காவில் இருந்தது.

அக்குழுவினருள் ஒருவர் இரங்கூனில் 1926-இல் பிறந்த இரமேசு சக்காராம் பெனகல். போர் முடிந்து இந்தியா திரும்பிய பின்னர், அவர் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1971 போரில் 106-ஆம் விமானப் பிரிவின் தலைவராக இருந்து, கேன்பரா வானூர்தியில் எதிரி நிலப்பரப்பின் மேல் பறந்து புகைப்படம் எடுத்த வீரத்துக்காக மகாவீர் சக்கர விருது பெற்றார். ஏர் கமடோர் பதவி வரை உயர்ந்தார். தம் இளமைப் பயணத்தைப் 'பர்மா டு ஜப்பான் வித் ஆசாத் ஹிந்த்' என்னும் நூலாக எழுதி வைத்தார். சப்பானியரிடம் பயிலச் சென்ற ஒரு மாணவர், பின்னர் ஆங்கிலேயர் வழிவந்த ஒரு விமானப்படையில் உயர்ந்து நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். 'இவர் எந்தப் பக்கம்' என்னும் கேள்விக்கு ஒற்றைச் சொல் விடை கிடையாது.

அவர்கள் சென்ற பாதை

இங்கேதான் நம் குடும்ப வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது.

பர்மாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் இரங்கூனிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை வழியாகப் பாங்காக்குக்கு வந்து, அங்கிருந்து தெற்கே இறங்கி, பின்னர் கப்பலேறினார்கள். அமெரிக்க நீர்மூழ்கிகள் உலவிய கடலைக் கடந்து சப்பானை அடைந்தார்கள். அந்த இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைத் தண்டவாளங்களும் இணைந்தன. அதனைப் போட்டவர்கள் யார்? நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர்; அவர்களுள் பெரும்பான்மையோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். நச்சுக்காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர்ப்பட்டியலே இல்லை.

என் தாய்வழிப் பாட்டனார் கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய அண்ணன் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. தம்பி நேதாஜியின் படையில் சேர்ந்தார், மெலிந்து திரும்பினார். எங்கள் வீட்டில் தம்பியின் கதை மட்டுமே பேசப்பட்டது. பொங்கலுக்குக் கூடும்போதெல்லாம் அணிவகுப்பும் முழக்கமும் நேதாஜியை நேரில் கண்ட கதையும் வரும். அண்ணனின் கதைக்கு ஒரே ஒரு வரிதான்: "சயாமுக்குப் போனவரு." பாட்டியிடம் அதற்குமேல் கேட்டால் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவார். பிற்காலத்தில் பல வீடுகளில் விசாரித்துப் பார்த்ததில், ஏறத்தாழ இதே பங்கீட்டைக் கண்டேன். பெருமைக்குரிய கதை கூடத்தில் இருக்கிறது. துயரக் கதை அடுக்களையில் அடைபட்டுக் கிடக்கிறது.

பறக்கக் கற்கச் சென்ற பிள்ளைகளைச் சுமந்த தண்டவாளமும், சயாமுக்குப் போனவர்களின் உயிரைக் குடித்த தண்டவாளமும் ஒன்றே. அந்தப் பிள்ளைகளை நாம் குறைகூற இயலாது. அவர்கள் நாட்டு விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள். ஆனால், விடுதலைக் கதையைச் சொல்லும்போது தண்டவாளத்தின் கதையை விட்டுவிட்டால், நம் பாட்டனாரின் அண்ணன்மார்களை இரண்டாம் முறையாகப் புதைத்தவர்கள் ஆவோம்.

அளவுவிகிதம் கற்பிக்கும் பாடம்

மாதிரியுருக்களில் மிகப் பரவலான விகிதம் 72-இல் ஒன்று. அதாவது, உண்மைப் பொருளின் 72 செ.மீ. நம் பலகையில் 1 செ.மீ. ஆகும். பிள்ளைகளே கணக்கிடட்டும். டைகர் மாத்தின் இறக்கை அகலம் 8.94 மீட்டர், மாதிரியில் 12.4 செ.மீ. அதன் நீளம் 7.29 மீட்டர், மாதிரியில் 10.1 செ.மீ. கி-9-இன் இறக்கை அகலம் 10.32 மீட்டர், மாதிரியில் 14.3 செ.மீ. இரண்டும் ஒரு பயிற்சிப் புத்தகத்தின் இரு பக்கங்களில் அடங்கிவிடும்.

1.65 மீட்டர் உயரமுள்ள ஒரு தொழிலாளி இந்த விகிதத்தில் 2.3 செ.மீ. மட்டுமே. ஒரு பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய உருவம். அவ்வுருவத்தைக் களிமண்ணிலோ அட்டையிலோ செய்து வானூர்தியின் அருகே நிற்க வைக்கும்போதுதான், இந்த 'மாபெரும்' இயந்திரங்கள் உண்மையில் எவ்வளவு சிறியவை என்பது பிள்ளைகளுக்குப் புலப்படும்.

அடுத்து, ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதையை இதே விகிதத்தில் செய்தால் எவ்வளவு நீளம் வரும்? விடை, ஏறத்தாழ 5.76 கிலோமீட்டர். மேசையிலும் அடங்காது, வகுப்பறையிலும் அடங்காது, பள்ளித் திடலிலும் அடங்காது. அது ஏறக்குறைய பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூல் வரையிலான நேர்த்தொலைவு. தமிழ் இரயில்வே தொழிலாளர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ். தமிழ் இரயில்வே தொழிலாளர்கள் இயந்திரங்களைப் பழுதுபார்த்த செந்தூல் பட்டறை. வானூர்தி உள்ளங்கையில் அடங்குகிறது. தொழிலாளர்களின் உழைப்பு நகரத்தின் பாதியைக் கடந்து நீள்கிறது. எத்தனை பக்கங்கள் எழுதினாலும் இந்தக் கணக்கு தரும் தெளிவை எழுத்து தராது.

வண்ணமும் சின்னமும்

மாதிரியுருவின் கடைசிக் கட்டம் வண்ணம் பூசுவதும் சின்னம் ஒட்டுவதும். இங்கே ஒரு சோதனை வரும். செந்தும்பியின் இறக்கையில் நேதாஜியின் மூவண்ணக் கொடியை வரைய வேண்டும் எனப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். சில பெற்றோர்களும் ஆசைப்படுவார்கள். வரையக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இந்திய தேசிய இராணுவத்துக்கெனத் தனி வானூர்திகள் இருந்ததில்லை. அம்மாணவர்கள் சென்று சேர்ந்தது சப்பானியர் கல்லூரி. அங்கே பறந்த வானூர்திகளின் இறக்கையில் இருந்தது சப்பானின் செவ்வட்டம். அந்தச் செவ்வட்டத்தைக் கண்டால் நம் பாட்டிமார்களுக்கு மரவள்ளிக் கிழங்கும் சவுக்கடியும் நினைவுக்கு வரும் என்பதும் உண்மை. விரும்பத்தகாத சின்னம் என்பதற்காக அதை மறைப்பதும், விருப்பமான சின்னம் என்பதற்காக இல்லாததை வரைவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

அதுபோலவே, பலகையின் கீழே ஒட்டும் அட்டையிலும் சொற்களை எண்ணி எழுத வேண்டும். 'தோக்கியோ மாணவர்களின் வானூர்தி' என்று எழுதாமல், 'அவர்கள் பயிலச் சென்ற காலத்தில் சப்பானியத் தரைப்படைப் பள்ளிகளில் பரவலாக இருந்த பயிற்சி வானூர்தி' என்று எழுதுவோம். சொல் நீளுகிறது, உண்மை காக்கப்படுகிறது. இந்த நுணுக்கத்தைப் பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, வளர்ந்தபின் எவர் சொல்லும் வரலாற்றையும் கேள்வி கேட்டே ஏற்றுக்கொள்ளும்.

வானிலிருந்து வந்த மற்றொன்று

நம் நகரத்து முதியோர்களுக்கு வானூர்தி என்றவுடன் பயிற்சி நினைவுக்கு வராது. குண்டுதான் நினைவுக்கு வரும். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு வானூர்திகள் கோலாலம்பூரின் இரயில்வே பட்டறைகளையும் தண்டவாள முனையங்களையும் தாக்கின. மார்ச் 10-ஆம் நாள் தாக்குதலில், பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி தகர்ந்தது. அதே இடத்தில் எழுந்ததுதான் 1963 ஆகஸ்டு 31-ஆம் நாள் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம். பிள்ளைகளை ஆண்டுதோறும் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் செல்கிறோம். அடுத்த முறை, வாயிலில் நின்று இச்செய்தியையும் சொல்லுங்கள். பட்டறைகளில் பணியாற்றிய நம்மவர்களுக்குச் சப்பானியரும் அச்சம். சப்பானியரை விரட்ட வந்த குண்டும் அச்சம்.

செந்தும்பியின் கதைக்கு நம் அண்டை நாட்டில் ஒரு தொடர்ச்சியும் உண்டு. சப்பானியக் கடற்படையின் பயிற்சி வானூர்தியான யொக்கோசுக்கா கே5ஒய், தரைப்படையின் கி-9-க்கு உடன்பிறப்பு போன்றது. அதற்கும் அக்கா தொம்போ என்றே பெயர். போர் முடிந்து சப்பானியர் சரணடைந்தபோது, இந்தோனேசிய விடுதலைப் போராளிகள் அவற்றைக் கைப்பற்றி 'சூரெங்' எனப் பெயரிட்டனர். 1945 அக்டோபர் 27-ஆம் நாள், அகுஸ்தினுஸ் அடிசுசிப்தோ என்னும் விமானி சிவப்பு வெள்ளைச் சின்னம் தீட்டிய ஒரு சூரெங்கை யோக்யகர்த்தாவின் மேல் ஓட்டிக் காட்டினார். 1947 சூலை 29-ஆம் நாள் விடியலில், அந்தப் பழைய பயிற்சி வானூர்திகளே டச்சுக்காரர்களின் நிலைகள்மீது குண்டு வீசின. அங்கே இறக்கையில் தேசியச் சின்னத்தை வரைவது சரி; ஏனெனில் அது உண்மையில் வரையப்பட்டது. சான்று இருக்கும் இடத்தில் வரைகிறோம்; இல்லாத இடத்தில் விட்டுவிடுகிறோம்.

வகுப்பறையிலும் வீட்டிலும் செய்யத்தக்கவை

ஆசிரியர்களும் பெற்றோர்களும் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டுச் சில நடைமுறைக் குறிப்புகளைத் தருகிறேன்.

1. விலையுயர்ந்த நெகிழிப் பெட்டி கட்டாயமன்று. தடித்த அட்டை, ஐஸ்கிரீம் குச்சி, தையல் நூல், மெல்லிய தாள் ஆகியவை போதும். குச்சியால் இறக்கையின் எலும்பைக் கட்டி, அதன்மேல் தாளை ஒட்டினால், உண்மை வானூர்தி கட்டப்பட்ட முறையே பிள்ளைக்கு விளங்கிவிடும். நெகிழிப் பெட்டியில் இந்தப் பாடம் கிடைக்காது.

2. ஈரடுக்கு இறக்கை வானூர்தியில் கடினமான வேலை, இரு இறக்கைகளையும் இணைக்கும் கம்பிகள். கீழ் இறக்கையை முதலில் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு தாங்குகம்பிகள், அதன்பின் மேல் இறக்கை. நூலைக் கடைசியில் கட்டுங்கள். அவசரப்படும் பிள்ளைக்கு இது பொறுமையைக் கற்பிக்கும். கத்தியும் பசையும் பயன்படும் வேளையில் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

3. வேலை தொடங்கும் முன்னரே, வீட்டிலுள்ள முதியவரிடம் நான்கு கேள்விகளைப் பிள்ளை கேட்டு எழுதி வரட்டும். சப்பானியர் காலத்தில் நம் குடும்பம் எந்தத் தோட்டத்தில் அல்லது ஊரில் இருந்தது? யார் எங்கே போனார்கள்? யார் திரும்பினார்கள்? இதை உங்களுக்குச் சொன்னவர் யார்? நான்காவது கேள்வியே மிக இன்றியமையாதது. கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிய அது உதவும்.

4. விடைகளை உடனே கதையாக்காமல், ஆண்டுக்கோட்டில் வைத்துப் பாருங்கள். 'நேதாஜியை 1942-இல் கண்டேன்' என்று ஒரு முதியவர் சொன்னால், நேதாஜி இங்கே வந்தது 1943-இல் என்பது பிள்ளைக்குத் தெரியும். முதியவரைத் திருத்த வேண்டியதில்லை. ஆண்டு பிழையாயினும் நினைவு மெய்யாக இருக்கலாம் என விளக்குங்கள்.

5. மாதிரியுருவை வெறும் தாங்கியில் நிறுத்தாதீர்கள். கீழே ஒரு பலகை அமைத்து, புல்தரையும் ஒரு துண்டுத் தண்டவாளமும் சில மனித உருவங்களும் வையுங்கள். விமானி ஒருவர் என்றால், தரையில் உழைத்தவர் பத்துப் பேராவது இருக்கட்டும். அவர்களே நம் குடும்பத்தவர்.

ஏன் இப்பொழுதே செய்ய வேண்டும்

'எங்கள் குடும்பத்தில் விமானி யாரும் இல்லையே, எங்களுக்கு இதில் என்ன தொடர்பு?' என்று சிலர் கேட்கக்கூடும். மேலை நாடுகளில் ஒருவர் தம் தந்தை பயின்ற வானூர்தியின் மாதிரியைச் செய்து, அதன் பதிவு எண்ணைக்கூடத் துல்லியமாக எழுதுகிறார். அவர் தந்தையின் பறத்தல் குறிப்பேடு வீட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் அத்தகைய குறிப்பேடு இல்லை. அதனால் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. திடலுக்கும் பட்டறைக்கும் தண்டவாளத்துக்கும் நம் முன்னோர் கொடுத்த உழைப்பு எந்தக் குறிப்பேட்டிலும் பதியப்படவில்லை என்பதே உண்மை. பதியப்படாததைப் பதிவது ஆசிரியர் பணியின் ஒரு பகுதி.

1942-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் அத்தகையவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகச் சென்று "சொல்லுங்கள் தாத்தா" என்றால், என் பாட்டியைப்போல் எழுந்து போய்விடக்கூடும். ஆனால், ஒரு பேரப்பிள்ளை தன் கையால் செய்த சிறு வானூர்தியைக் கொண்டுபோய், "தாத்தா, இதன் நிறம் சரியா? இப்படித்தான் பறந்ததா?" என்று கேட்டால், பெரும்பாலும் பேச்சு தொடங்கிவிடுகிறது. கை தொடும் பொருளுக்கு அந்த ஆற்றல் உண்டு. வானூர்தியில் தொடங்கும் பேச்சு, கிழங்கு தின்ற நாளுக்கும், கூப்பன் வரிசைக்கும், ஒரு மாலையில் லாரியேறிப் போன அண்ணனுக்கும் தானே சென்று சேரும். அப்பொழுது பிள்ளை எழுதுகோலோடு அருகில் இருக்க வேண்டும்.

வருகின்ற விடுமுறையில் ஒரு வீட்டிலாவது, ஒரு வகுப்பிலாவது இதைத் தொடங்குங்கள். இரண்டு வானூர்திகளையும் அருகருகே வையுங்கள். நடுவில் அந்தத் துண்டுத் தண்டவாளத்தையும் மறவாமல் வையுங்கள்.